வளைவை எண்ணாதீர்கள், உயரத்தை எண்ணுங்கள்: மலைப்பாதை சைக்கிள் கேள்வி – பதில்

மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

வாரம் இரண்டு நாள் சமவெளியில் 50 கி.மீ. ஓட்டுகிறேன். முதல் மலையாகக் கொல்லிமலையை நினைத்திருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு என்று சொல்லி நண்பர்கள் தடுக்கிறார்கள். 'கோத்தகிரிக்குப் போ, அங்கே வளைவு குறைவு' என்கிறார்கள். எது சரி?
– வாசகர், திருச்செங்கோடு

உங்கள் நண்பர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். மலை எவ்வளவு கடினம் என்பதை வளைவுகளின் எண்ணிக்கை சொல்லாது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை எத்தனை மீட்டர் உயர்கிறோம், அதை எத்தனை கிலோமீட்டரில் உயர்கிறோம் என்ற இரண்டும்தான் கணக்கு. கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர். நண்பர்கள் சொல்லும் 'சுலபமான' மலை ஒன்றரை மடங்கு உயரம்!

வளைவு என்பது சரிவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. நேராக ஏற முடியாத முகட்டைச் சாலை போட்டவர்கள் மடித்து மடித்து நீட்டியிருக்கிறார்கள். பல வளைவுகளில் வெளிவிளிம்பு கொஞ்சம் சமமாக இருப்பதால், கால் இளைப்பாற அங்கே நாலு மிதி கிடைக்கும். வளைவு எதிரி என்று நினைத்துப் பதறி ஏறுகிறவர்தான் இருபதாவது வளைவிலேயே மூச்சுத் திணறி நிற்பார்.

பழகாத கால் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறும். நல்ல பயிற்சி உள்ளவர் 700 வரை போவார். இந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு எந்த மலைக்கும் நேரம் போட்டுவிடலாம். கொல்லிமலைக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், கோத்தகிரிக்கு மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம்.

ஆனால் முதல் மலை இரண்டுமே வேண்டாம், ஏலகிரிக்குப் போங்கள். ஜோலார்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து அடிவாரம் பக்கம். 600 மீட்டருக்குச் சற்று மேல் ஏற்றம், 14 வளைவு. முதல்முறை ஏறுகிறவருக்கே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்குள்ள வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது எண்ணைவிடப் பெயரைப் படித்துக்கொண்டு போவது மனதுக்கு இதம். அந்த வள்ளல் வரிசையில் வருகிற ஓரிதான் கொல்லிமலையை ஆண்டவன். ஏலகிரியை இரண்டு முறை நிற்காமல் ஏறிவிட்டால் அவன் மலைக்குப் புறப்படலாம்.

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையை விவரமாகச் சொல்லுங்கள். எங்கே தண்ணீர், எங்கே கடினம், எப்போது போகலாம்?
– வாசகர், கோவை

நீலகிரிக்கு ஏறச் சைக்கிள்காரர் தேர்ந்தெடுக்க வேண்டிய சாலை இதுதான். குன்னூர் சாலையில் பேருந்து, லாரி, சுற்றுலா வேன் மூன்றும் விடாமல் வரும். புகையைச் சுவாசித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறுவது உடலுக்கு நல்லதல்ல. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரியும். இடப்பக்கம் கல்லாறு வழியாகக் குன்னூர், வலப்பக்கம் கோத்தகிரி. மொத்தம் 33 கி.மீ.

முதல் சில கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளை ஒட்டிக் கிட்டத்தட்டச் சமதளம். பலர் ஏமாறுவது இங்கேதான். காலைக் குளிரில் கால் லேசாக இருக்கிறது என்று விரட்டி ஓட்டிவிட்டு, ஏற்றம் தொடங்கிய அரை மணியில் துவண்டுபோவார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். அதன் பிறகு சராசரி 5 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வு. இந்தச் சாலையின் குணம் செங்குத்து அல்ல, நீளம். இறக்கமோ சமதளமோ வந்து காலை ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாதி வழியளவில் குஞ்சப்பனை. டீக்கடை உண்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். இதைச் சுற்றியுள்ள பகுதி யானைகள் நடமாடும் காடு. மே முதல் ஜூலை வரை பலாப்பழம் பழுக்கும் காலத்தில் அவை சாலைக்கே வந்து நிற்கும். மோட்டார் வண்டிக்குச் சத்தம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. வளைவு திரும்பியதும் நேருக்கு நேர் மாட்டிக்கொள்வது சைக்கிள்காரர்தான். அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அந்தப் பகுதிக்குள் நுழையுங்கள், மாலை 5 மணிக்குப் பிறகு வேண்டாம். யானை தெரிந்தால் 100 மீட்டருக்கு அப்பாலேயே நின்று, சைக்கிளை இறக்கம் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். பேருந்தோ லாரியோ வந்து, யானையும் விலகிய பிறகு அந்த வண்டியின் பின்னால் கடந்துவிடலாம்.

அரவேணு வரும்போது தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடும், காற்றில் குளிர் ஏறும். 1,450 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் 9 டிகிரி அளவுக்குக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். கோத்தகிரியை அடைந்தவுடன் வியர்வைச் சட்டையோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால், பக்கத்திலுள்ள கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களா. கோவை கலெக்டராக இருந்த அவர் 1819இல் இந்த மலைக்கு ஏறி வந்து முதலில் வீடு கட்டிய இடம். இப்போது நினைவகமாக இருக்கிறது. ஊட்டி என்ற நகரம் உருவாகும் முன்பே தொடங்கிய கதை கோத்தகிரியுடையது. கால் மிச்சமிருந்தால் 18 கி.மீ. தள்ளிக் கொடநாடு காட்சிமுனைக்குப் போகலாம். சாலை தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிப் போகும். கடைசியில் தரை திடீரென்று முடிந்து, கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா கிராமமும் விரியும். ஆனால் போன ஏற்ற இறக்கமெல்லாம் திரும்பியும் உண்டு. ஒரே நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கொடநாடு போய்த் திரும்புவது பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் கோத்தகிரியில் இரவு தங்குங்கள்.

காலம்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம் மிக நல்லது. ஏப்ரல், மே சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி வண்டிகளை ஒருவழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது நீங்கள் ஏறும் சாலையில் மொத்தக் கூட்டமும் எதிரே இறங்கி வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் அடிக்கும். மண்சரிவு, விழுந்த மரம், சாலையில் பரவிய செம்மண் எல்லாம் இருக்கும்.

இன்னும் இரண்டு செய்தி. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. உங்கள் பாட்டிலோடு போய், சாலையோரக் குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளுங்கள். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதானால், 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதி அந்தக் காருக்குப் பொருந்தும். புறப்படும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சைக்கிளில் முன்பக்கம் 50, 34 பல், பின்பக்கம் 11 முதல் 28 வரை. செங்குத்தான இடங்களில் முட்டியின் முன்புறம் வலிக்கிறது. பயிற்சி போதவில்லையா, கியர் போதவில்லையா?
– வாசகி, சேலம்

உங்கள் கியர்தான் போதவில்லை. காலைக் குறை சொல்லாதீர்கள்.

உங்களிடமுள்ள மிக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும். 8 சதவீத ஏற்றத்தில் சாதாரண ஆரோக்கியமுள்ளவரால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போக முடியும். அந்த வேகத்தில் நீங்கள் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் மிதிப்பீர்கள். மெதுவான, கனமான மிதி அது. ஒவ்வொரு மிதியிலும் முட்டிச் சில்லு அழுத்தப்படுகிறது. பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே வேகத்துக்கு 60 சுற்று மிதிப்பீர்கள், ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மலைக்கு இது பெரிய வித்தியாசம். நீலகிரி மலை ரயிலே ஏறக்குறைய 8 சதவீதச் சரிவு வந்ததும் கல்லாறிலிருந்து குன்னூர்வரை பற்சக்கரம் பூட்டித்தான் ஏறுகிறது. கூடுதல் பல் கேட்பதில் நமக்கென்ன வெட்கம்?

11–34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, பின்பக்க டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா, அதன் மொத்தக் கொள்ளளவு 39 பல் இருக்கிறதா என்பது. முன்பக்க வித்தியாசம் 16, பின்பக்க வித்தியாசம் 23, கூட்டினால் 39. குட்டைக் கை உள்ள டீரெய்லருக்கு இது பெரும்பாலும் போதாது, நீளக் கை உள்ளது வேண்டும். இரண்டாவது செயின். பழைய செயினையே போட்டால், தெரியாமல் முன்னால் 50, பின்னால் 34 என்று மாற்றிய அந்த நொடியில் செயின் விறைத்து டீரெய்லரை முறித்துவிடும். கேசட்டோடு செயினும் புதிதாக, சரியான நீளத்தில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது, டீரெய்லரின் மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி டீரெய்லரின் திருகாணியைத் திருப்பி வைக்க வேண்டும்.

மலைக்குக் கிளம்பும் முந்தைய நாள், சைக்கிளைத் தூக்கிப் பிடித்து மிக லேசான கியரில் சுற்றி, பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லர் கை சக்கரத்துக்கு இணையாக நேரே தொங்க வேண்டும். கீழே விழுந்த சைக்கிளில் அதைத் தாங்கும் காது உள்பக்கம் வளைந்திருக்கும். சமவெளியில் பெரிய பல்லைத் தொடாததால் தெரியாது. மலையில் முதல்முறை போட்டதும் கை ஸ்போக்கில் மாட்டி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கூடவே சீட் உயரத்தையும் பாருங்கள். முன்முட்டி வலிக்குத் தாழ்ந்த சீட்டும் காரணம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது முன் டியூப் 'டப்' என்று வெடித்தது. டயரில் முள்ளோ கண்ணாடியோ இல்லை. டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைத் தொடும் பக்கத்தில்தான் கிழிசல். ஏன்?
– வாசகர், தருமபுரி

கிழிசல் உள்வட்டத்தில் என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. பிரேக்கின் சூடுதான் காரணம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ, 1,450 மீட்டர் இறங்குகிறது என்றால், அதில் உள்ள ஆற்றல் கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாக இறங்கினால் எதிர்காற்று அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பயந்து, பிரேக்கை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் அத்தனையும் ரிம்முக்குப் போகும். ஆகவே மெதுவாக இறங்குகிறவருக்குத்தான் டியூப் அதிகம் வெடிக்கும். ரிம்மும் உள்ளிருக்கும் காற்றும் 100 டிகிரியை எட்டினால் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் 125ஐத் தாண்டும். ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை இளகும். ஸ்போக் ஓட்டையின்மேல் டியூப் குமிழாகப் பிதுங்கிக் கிழியும்.

முதல் வேலையாகப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, ரிம்முக்கேற்ற அகலத்தில் துணிப்பட்டை ஒட்டுங்கள். இரண்டாவது, 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 75 பி.எஸ்.ஐ. அளவு போதும், முன்சக்கரத்தில் இன்னும் ஐந்து குறைவாக. 110 அடித்தால்தான் ஓடும் என்பது பழைய பழக்கம். மூன்றாவது பிரேக் பிடிக்கும் முறை: நேர்ப்பகுதியில் சைக்கிளைப் போகவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தை இறக்கி, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பிடி, விடு, பிடி, விடு. விட்ட அந்தச் சில நொடிகளில்தான் ரிம் ஆறும். கை ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் இருக்கட்டும்; மேலிருந்து பிடித்தால் விரலுக்கு வலு போதாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, நேரான, பார்வை தெளிவான இடத்தில் நின்று புறங்கையை ரிம் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் பிரேக் தட்டைத் தொடவே தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையின் முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுத்த ரப்பருக்குள் ஊசிமுனை அளவில் மின்னும் புள்ளிகள் இருக்கும். ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துகள் அது. அப்படியே விட்டால் ஒவ்வொரு பிரேக்கிலும் ரிம்மை அரம்போல் ராவும். குண்டூசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளால் முகத்தை லேசாகத் தேயுங்கள். முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் கட்டை வெந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இத்தகைய இறக்கத்துக்கு அலுமினியச் சக்கரம் மாட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக் என்றால் வேறு சிக்கல். கட்டை தேயத் தேய பிரேக் பிடி கைப்பக்கம் இறங்கிக்கொண்டே வரும், தானாகச் சரியாகாது. இறக்கத்துக்கு முன் நின்று கம்பித் திருகைத் திருப்பி இறுக்கிக்கொள்ளுங்கள். கட்டைப் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மலைக்கே போகாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து வந்தால் எங்கே நிற்பது?
– வாசகர், கரூர்

வளைவுக்குள் நிற்கவே கூடாது. நீளமான வண்டி வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் திரும்பும் பேருந்தின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது; உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பேருந்துக்கும் உள்சுவருக்கும் நடுவே சந்து இருக்கிறதே என்று நுழைந்தால், அந்தச் சந்து இரண்டு நொடியில் மூடிவிடும். உயிர் போகும் தவறு இது. ஹாரன் கேட்டதும் வளைவுக்கு 15, 20 மீட்டர் முன்பே நேர்ப்பகுதியில் ஒதுங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நில்லுங்கள். பேருந்து முழுதாகத் திரும்பிய பிறகு புறப்படலாம்.

மலைப்பாதை விதிப்படி ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் இறங்கும்போது அதை மதியுங்கள். ஏறும்போது அதை நம்பி இருக்காதீர்கள்.

நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் ஏறும்போது இட வளைவுகள்தான் நமக்குச் செங்குத்து, வல வளைவுகள் நீண்டு சாய்வு குறைந்து வரும். பின்னால் வண்டி இல்லையென்றால் இட வளைவில் உள்விளிம்பை விட்டு நம் பாதியின் நடுக்கோட்டை ஒட்டி ஏறுங்கள். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பாரம் ஏறிய செயினில் மாற்றினால் 'கடக்' என்று நழுவும், சில நேரம் அறும். இணைப்புக்கண்ணி ஒன்று, செயின் அறுக்கும் கருவி, இரண்டு டியூப், இரண்டு நெம்புகோல், கைப்பம்பு ஆகியவற்றை விட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான பித்தளை அடாப்டரும் வேண்டும். அது இல்லாமல் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்க முடியாது.

ஏற்றத்தில் என்ன சாப்பிடுவது? பாதியில் கண் இருட்டுகிறது.
– வாசகி, வேலூர்

வெறும் வயிற்றில் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறோம். ஒரு மணி நேரம் முன்பு மூன்று இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஏறத் தொடங்கிய பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. அரை மணிக்கு ஒன்று, பசிக்கும் முன்பே. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், மற்றதில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு. பழத்தைச் சட்டைப் பைக்குள் மறைத்து வையுங்கள். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு மெதுவாக ஏறும் சைக்கிளிலிருந்து பையைப் பிடுங்குவது எளிது. கண் இருட்டினால் உடனே இறங்கி உட்காருங்கள். சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஆகியும் தெளியாவிட்டால் அன்று ஏற்றம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

கொல்லிமலைக்குப் போனால் அதே நாளில் ஆகாய கங்கை அருவியும் பார்த்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பார்க்கலாம், ஆனால் அன்றே சைக்கிளில் இறங்காதீர்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், செங்குத்து. 70 வளைவு ஏறிய தொடையோடு அவற்றை இறங்கி ஏறினால் கால் நடுங்கும். நடுங்கும் காலோடும் களைத்த விரலோடும் 70 வளைவு இறங்குவது ஆபத்து. மலைமேலுள்ள செம்மேட்டில் இரவு தங்கி, காலையில் இறங்குங்கள். அடியில் ஆணி உள்ள சைக்கிள் ஷூவோடு படியில் கால் வைக்காதீர்கள், ஈரக் கல்லில் வழுக்கும். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாகச் சங்கப் பாடல் சொல்கிறது. அவனைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக் காரி. இருவருமே கடையெழு வள்ளல்கள், ஏலகிரி வளைவுகளில் இருவர் பெயரும் உண்டு.

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிள் கூட்டம் வளைவுகளில் சாய்ந்து பறக்கும். வார நாளில் போங்கள்.

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோவது எப்படி?
– வாசகர், தாம்பரம்

நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் விடும். டிக்கெட்டோடு பார்சல் அலுவலகத்துக்குப் போய் லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றலாம். கடைசி நேரத்தில் போகாதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு. பின்பக்க டீரெய்லரைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டுங்கள்; அதைக் கீழே வைத்துப் படுக்கப் போட்டால் மேலே சொன்ன காது வளைந்துவிடும். பெடலைக் கழற்றிப் பையில் வையுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழறும். பம்பு, விளக்கு, கருவிப்பை எதையும் சைக்கிளில் விடாதீர்கள். இறங்கியதும் கிளம்பிவிடாமல், ஸ்டேஷன் வாசலிலேயே பெடலை மாட்டி, ஒவ்வொரு கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெளிச்சம் நன்றாக வரும்வரை ஒரு டீ குடிக்க நேரம் சரியாக இருக்கும்.